துரைக்காட்டில் போட்ட கர்ச்சீப்

சனிக்கிழமை வெயிலுக்குக் குடை தேடப் போய், பீரோவுக்கும் சுவருக்கும் நடுவில் சொருகிக் கிடந்த அந்தத் துணிப்பை கையில் கிடைத்தது. நாம் துரைக்காட்டுக்குப் போகிற ஞாயிறுகளுக்கென்றே வைத்திருந்த பை. தலைகீழாக உதறினேன். காய்ந்த இலுப்பைப் பூ இரண்டொன்று, ஒரு மிட்டாய்க் காகிதம், கடைசியில் உன் கர்ச்சீப். நீலக் கட்டம் போட்ட ஆம்பளைக் கர்ச்சீப். மடிப்பைப் பிரித்ததும் ஜவ்வாது வாசனை வந்தது. நீயே பின்னால் வந்து நின்று "இன்னாடி தேட்ற?" என்று கேட்டது போல இருந்தது. குடையை மறந்துவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்து அழுதேன். சொல்லிக்கொள்ள வெட்கமில்லை. உன்னிடம்தானே சொல்கிறேன்.

எழுத உட்கார்ந்ததற்கு அது மட்டும் காரணமில்லை. நீ என்னிடம் ஒரு வேலை சொல்லியிருந்தாய். அதை நேற்று முடித்துவிட்டேன். முடித்துவிட்டு வந்து சொல்லச் சொன்னாய். அதைத்தான் சொல்ல வந்திருக்கிறேன். ஆனால் எதையும் நேராகச் சொல்லி எனக்குப் பழக்கமில்லை. "ஆவடிக்குப் போறதுன்னா இவ ஆந்திராவ சுத்திகினுதான் போவா" என்று ரயில் பெட்டி முழுக்கக் கேட்கும்படி சொன்னவள் நீதான். அதனால் கர்ச்சீப்பிலிருந்தே தொடங்குகிறேன். பொறுத்துக்கொள்.

பெண்கள் பெட்டியில் அந்தக் கர்ச்சீப்புக்கு இருந்த மரியாதை பல பெரிய மனுஷிகளுக்குக் கிடையாது. நீ திருநின்றவூரில் ஏறுவாய், நான் அம்பத்தூரில். நடுவில் பட்டாபிராம், ஆவடி என்று ஒவ்வொரு ஸ்டேஷனிலும் ஒரு படையே ஏறும். அத்தனை பேரையும் தாண்டி எனக்கென்று ஜன்னலோரத்தில் ஓர் இடம் காத்திருக்கும். அதன்மேல் உன் கர்ச்சீப் விரிந்திருக்கும். யாராவது அதைத் தொட்டால் போதும், "ஆள் வருது" என்பாய். அவ்வளவுதான். முகத்தைக்கூடப் பார்க்க மாட்டாய். மேற்கொண்டு வாயைத் திறந்தவர்களுக்கு அன்றைய காலை அதோடு கெட்டது.

பெண்கள் வைத்துக்கொள்கிற சின்னக் கர்ச்சீப்பை நீ மதித்ததே இல்லை. "இத்தினிக்கூண்டு துணி. இத்தப் போட்டா எவ மதிப்பா? இது எங்கூட்டுக்காரரு கர்ச்சீப்பு. பாரு, அரை சீட்ட மூடுது" என்று விரித்துக் காட்டுவாய். உன் வீட்டுக்காரர் பாவம், கர்ச்சீப் இல்லாமல் சட்டைக் கையில் முகம் துடைத்துக்கொண்டு போயிருப்பார்.

நம் முதல் சந்திப்பே சண்டைதான். பாரிமுனைப் பக்கம் வேலைக்குச் சேர்ந்த புதிது. கால் கடுக்க நின்றுகொண்டிருந்தேன். என் மூக்குக்கு நேராகக் கீழே ஒரு காலி இடம், மேலே கட்டம் போட்ட துணி. "ஆள் வருது" என்றாய். சரி, பட்டரவாக்கத்தில் ஏறுவார்கள் என்று நினைத்தேன். பட்டரவாக்கம் போனது. கொரட்டூர் போனது. வில்லிவாக்கமும் போனது. எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வந்துவிட்டது.

"உங்க ஆளு எங்கங்க ஏறுவாங்க? பீச் ஸ்டேஷனுக்கு அப்புறம் கடல்தான் இருக்கு."

பெட்டியே சிரித்தது. நீ சிரிக்கவில்லை. என்னை மேலும் கீழும் பார்த்தாய். கர்ச்சீப்பை எடுத்து மடித்து மடியில் வைத்துக்கொண்டாய்.

"வர்ற ஆளு நீதான் போலக்கீது. உக்காரு."

பிறகுதான் தெரிந்தது, நீ வேலை செய்த மூக்குக்கண்ணாடிக் கடையில் உன்னோடு இருந்த பெண்ணுக்காக வைத்த இடம் அது. அவள் கல்யாணமாகி வேலையை விட்டு எவ்வளவோ நாளாகியிருந்தது. வரமாட்டாள் என்று உனக்கும் தெரியும். "கை பழகிடுச்சு, இன்னா பண்றது?" என்றாய். மறுநாள் அம்பத்தூரில் ரயில் நின்றபோது ஜன்னல் வழியாக உன் கை வெளியே நீண்டு என்னைக் கூப்பிட்டது. அன்றிலிருந்து அந்த ஆள் நான்தான்.

இதை உன்னிடம் நேரில் ஒருநாளும் சொன்னதில்லை. சொன்னால் கேலி பண்ணியிருப்பாய். எனக்குக் கல்யாணம் கூடிவரவில்லை. அண்ணன் வீட்டில் இருக்கிறேன். ஒரு குறையும் வைக்கவில்லை, அண்ணி தங்கமானவள். ஆனால் அந்த வீட்டில் டிவி முன்னால் ஆகட்டும், சாப்பாட்டு மேசையில் ஆகட்டும், எங்கே காலியாக இருக்கிறதோ அங்கே நான் உட்கார்ந்துகொள்வேன். எனக்காக ஓர் இடத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு ஊரோடு சண்டை போட்டவள் இந்த உலகத்தில் நீ ஒருத்திதான்.

துரைக்காட்டுக்கு நம்மை முதலில் கூட்டிப்போனதும் அந்தப் பெட்டிக் கூட்டம்தான். ஆயுத பூஜைக்குப் பெட்டிக்கு மாவிலை கட்டிச் சுண்டல் கொடுத்த கையோடு, எல்லாரும் சேர்ந்து ஒருநாள் எங்காவது போய்வரலாம் என்று பேச்சு வந்தது. கோயில் என்றால் சிலர் முகம் சுளித்தார்கள், வேளாங்கண்ணி என்றால் வேறு சிலர். மகாபலிபுரத்தை எல்லாரும் பார்த்துச் சலித்திருந்தார்கள். குத்தம்பாக்கம் தாண்டி உள்ளே ஒரு பழைய எஸ்டேட் இருக்கிறது, காடு மாதிரி இருக்கும், கயிற்றுப் பாலமெல்லாம் போட்டிருக்கிறார்கள் என்று யாரோ சொன்னார்கள். "எஸ்டேட்டா? அதுக்கு ஏன் அவ்ளோ தொலவு, இவ அம்பத்தூர்லயே கீதே" என்று தொழிற்பேட்டையைச் சொல்லி நீ என் பக்கம் கை காட்டினாய்.

வேனை விட்டு இறங்கினதும் வாயடைத்துப் போனாய். நீ வாயடைத்துப் போனதை நான் பார்த்த முதல் தடவை அது. நெடுஞ்சாலைச் சத்தம் காதில் இருக்கும்போதே வாசலைத் தாண்டினால் வெயில் பச்சையாக மாறிவிடுகிறது. நம்மைச் சுற்றிக் காட்டிய சங்கீதா நசரத்பேட்டைப் பெண். காலேஜ் முடித்துவிட்டு அங்கே வழிகாட்டியாகச் சேர்ந்தவள். வெள்ளைக்காரன் காலத்தில் ரயில்வேயில் இருந்த ஒரு துரை இந்தப் பொட்டலை வாங்கிப் போட்டாராம். ரயில் போகிற ஊரிலிருந்தெல்லாம் விதையும் நாற்றும் கொண்டுவந்து நட்டாராம். அவர் தேசத்துக்குத் திரும்பிப் போன பிறகும் மரங்கள் பாட்டுக்கு வளர்ந்து, இப்போது இலுப்பையும் மருதமும் நாவலும் தலைக்கு மேல் கூடிவிட்டன. ஓட்டு பங்களா பூட்டியே கிடக்கிறது. ஊர்க்காரர்கள் வைத்த பெயர்தான் துரைக்காடு.

நடைபாதையில் அங்கங்கே உட்காரப் பலகை போட்டிருந்தார்கள் அல்லவா? பழைய தண்டவாளத் துண்டுகளைக் காலாக நட்டு, மேலே கனத்த மரப்பலகை. துரை காலத்து வேலை என்றாள் சங்கீதா. பெரிய இலுப்பை மரத்தடியில் இருந்த அந்தப் பலகையைப் பார்த்ததும் நீ கூட்டத்தை விட்டுவிட்டு ஓடினாய். ஓடிப்போய் ஒரு ஓரத்தில் உட்கார்ந்து, மறு ஓரத்தில் கர்ச்சீப்பை விரித்தாய். கண்ணுக்கெட்டின தூரம் வரை போட்டிக்கு ஒரு ஈ காக்காய் கிடையாது. காட்டுக்குள் வந்து இடம் பிடித்தவள் நீ ஒருத்தியாகத்தான் இருப்பாய்.

"யாருக்குக்கா?" என்று சங்கீதா சிரிப்பை அடக்கிக்கொண்டு கேட்டாள்.

"ஆள் வருது" என்றாய், பின்னால் மூச்சு வாங்கிக்கொண்டு வந்த என்னைப் பார்த்தபடி.

மரப்பொந்தில் ஓர் ஆந்தை பகலிலேயே விழித்துக்கொண்டு நம்மைப் பார்த்தது. எல்லாரும் மெல்லப் பேசும்படி சங்கீதா உதட்டில் விரலை வைத்தாள். உன் ரகசியக் குரல் தெரிந்ததுதானே, மற்றவர்கள் சாதாரணமாகப் பேசுவதை விடப் பலமாக இருக்கும். "இதுக்கு ரவுண்டு ஃப்ரேம்தான் எடுக்கும். மொகம் அகலம்" என்றாய். ஆந்தை கோபித்துக்கொண்டு உள்ளே போய்விட்டது. கடையில் நாள் முழுக்க முகங்களுக்குக் கண்ணாடி பார்த்துப் பார்த்து, உனக்குப் பறவையும் வாடிக்கையாளராகிவிட்டது.

கயிற்றுப் பாலத்தில் நான் ஏறவில்லை. நீ ஏறினாய். புர்க்காவைச் சுற்றிச் செருகிக்கொண்டு, அதன்மேல் பாதுகாப்புப் பட்டையைப் பூட்டத் தயங்கிய சங்கீதாவிடம் "இஸ்துக் கட்டு கண்ணு, நா இன்னா கண்ணாடிச் சாமானா?" என்றாய். நடுப்பாலத்தில் நின்று கையை விட்டுவிட்டு என்னைப் பார்த்து ஆட்டினாய். எனக்குக் கீழே நின்றே தலை சுற்றியது. நான் மாதாவை வேண்டிக்கொண்டிருக்க, நீ மேலேயிருந்து "எம்மா உயரம் தெரியுமாடி, பூந்தமல்லியே தெரியுது" என்று பொய் சொன்னாய்.

இறங்கி வந்தால் இலுப்பை மரத்தடியில் ஒரு குடும்பம் உட்கார்ந்திருந்தது. கர்ச்சீப்பை மடித்து ஓரமாக வைத்திருந்தார்கள். வெளியூர்க்காரர்கள்; யாரோ மறந்துவிட்டுப் போனது என்று நினைத்துவிட்டார்கள்.

"கர்ச்சீப்பு போட்டுக்கீதுல்ல? ஆள் வருதுன்னு தெர்ல?"

அந்த மனிதர் திருதிருவென்று விழித்தார். அவர் மனைவிதான் சட்டென்று புரிந்துகொண்டு நகர்ந்து இடம்விட்டாள். அரைமணி நேரத்தில் உன் டப்பாவிலிருந்து அவர்கள் பிள்ளைகள் பிரியாணி சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். சண்டையைப் பந்தியாக மாற்றுவது உனக்குக் கைவந்த கலை.

அதற்குப் பிறகு கூட்டமில்லாமல் நாம் இருவர் மட்டும் போக ஆரம்பித்தோம். பூந்தமல்லி பஸ் ஸ்டாண்டில் சந்திப்போம். நசரத்பேட்டை, திருமழிசை வழியாக பஸ், அங்கிருந்து ஷேர் ஆட்டோ. ஷேர் ஆட்டோவிலும் நீ கர்ச்சீப் போட்டதை நான் ஊரில் யாரிடமும் சொன்னதில்லை. சாப்பாடு உன் பொறுப்பு. உன் சட்டம் ஒன்றே ஒன்றுதான்: சோறு ஆறுவதற்குள் சாப்பிட்டுவிட வேண்டும். அதனால் உள்ளே நுழைந்ததும் முதல் வேலையாக இலுப்பை மரத்தடிக்குப் போவோம். சாப்பிடுவோம். சாப்பிட்டதும் பேச்சு. உன் மகள் படிப்பு, கடை முதலாளியின் கஞ்சத்தனம், என் முட்டிவலி. பேசி முடித்தால் பொழுது சாய்ந்திருக்கும். கால் நகராது.

அந்தப் பலகைக்கு எதிரே, பாதை பிரிகிற இடத்தில் ஓர் அம்புக்குறிப் பலகை இருக்கும். ஏரிக்கரை என்று எழுதியிருக்கும். துரைக்காட்டின் கடைசியில் ஓர் ஏரி இருக்கிறது, அதுதான் அங்கே பார்க்க வேண்டிய இடம் என்று சங்கீதா ஒவ்வொரு தடவையும் சொல்வாள். நாம் ஒவ்வொரு தடவையும் தலையாட்டுவோம்.

"அடுத்த வாட்டி. இன்ஷா அல்லா" என்பாய்.

"உங்க ரெண்டு பேருக்கும் நான் டிக்கெட் குடுக்கறது காட்டுக்கா, பெஞ்சுக்கான்னு தெர்லக்கா" என்பாள் அவள்.

வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். உனக்கிருந்த வாய்க்கு நீ நூறு வயது இருந்திருக்க வேண்டும். சிறுநீரகம் கெட்டுப்போனது. வேலையை விட்டாய். டயாலிசிஸ் என்ற சொல்லை நம் பேச்சுக்குள் கொண்டுவந்து, "ரத்தத்த வெளிய எட்த்து தோச்சி காயவெச்சி உள்ள உட்றாங்கடி" என்று அதையும் சிரிப்பாக்கினாய். நான் அம்பத்தூரில் ஏறி நின்றுகொண்டு போகப் பழகினேன். பெட்டியில் இடமே கிடைக்காது என்றில்லை. சில நாள் கிடைத்தது. உட்கார மனம் வரவில்லை.

போன வருஷம் இலுப்பை பூத்திருந்தபோது துரைக்காட்டுக்குப் போயே ஆக வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தாய். உன் மகள் என்னைப் பார்த்துக் கண்ணால் கெஞ்சினாள், வேண்டாம் என்று சொல்லச் சொல்லி. நான் போய் ஆட்டோவைக் கூட்டி வந்துவிட்டேன். துரைக்காட்டு வாசலிலிருந்து இலுப்பை மரம் வரை நடப்பதற்குள் நீ நின்று நின்று மூச்சு வாங்கினாய். பிரியாணி இல்லை, உப்பில்லாத இட்லி. தண்ணீரும் இவ்வளவுதான் என்று கட்டுப்பாடு. நாக்கு வறண்டால் ஒரு மிட்டாயை வாயில் அடக்கிக்கொண்டாய். ஆனாலும் உட்கார்ந்ததும் முதல் வேலையாகக் கர்ச்சீப்பை எடுத்து எனக்கு விரித்தாய். பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தேன்.

பூ உதிர்ந்துகொண்டே இருந்தது. நீ அந்த அம்புக்குறியை வெகுநேரம் பார்த்தாய்.

"இன்னிக்கி ஏரியப் பாத்துடலாம்னு நென்ச்சேன்டி. காலு ஒத்துக்க மாட்டேங்குது."

"பரவால்ல விடு. அடுத்த வாட்டி."

"நீ போய்ப் பாத்துகினு வா. நா எடம் புட்ச்சி வெக்கிறேன்."

"நீ இல்லாம நான் போய் என்ன பாக்கப் போறேன்? ஏரி எங்கயும் ஓடிடாது."

"ஏரி ஓடாதுடி" என்றாய். சிரித்தாய். அந்தச் சிரிப்பை நான் இன்னும் மறக்கவில்லை.

"போய்ப் பாத்துட்டு வந்து எங்கிட்ட சொல்லு. தண்ணி கீதா, பறவ கீதா, உக்கார எடம் கீதா. அவ்ளோதான் எனக்கு. எடம் பூடும்னு பயப்படாத, நா இங்கதான் கீறேன்."

நான் போகவில்லை. உன்னை விட்டு நகர மனமில்லை. உன் தோளில் விழுந்த பூக்களை எடுத்துப் போட்டுக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். கிளம்பும்போது கர்ச்சீப்பைப் பலகையிலேயே விட்டுவிட்டாய். நான்தான் எடுத்துப் பையில் வைத்தேன். அடுத்த முறை பார்க்கும்போது கொடுக்கலாம் என்று வைத்தேன்.

மழைக்காலத்தில் சேதி வந்தது. பூந்தமல்லியில் உன் அம்மா வீட்டுக்குக் கொண்டுவந்திருந்தார்கள். வெள்ளைத் துணிக்குள் உன் முகம் மட்டும் தெரிந்தது. அவ்வளவு அமைதி உனக்குப் பொருந்தவே இல்லை. பெண்கள் ஓதினார்கள். ஆண்கள் உன்னைத் தூக்கிக்கொண்டு கபர்ஸ்தானுக்குப் போனார்கள். நாங்கள் வாசலோடு நின்றுவிட்டோம். உங்கள் குடும்பத்தில் பெண்கள் அங்கே போகிற வழக்கமில்லை என்று உன் மகள் என் கையைப் பிடித்துக்கொண்டு மெல்லச் சொன்னாள்.

அது உங்கள் முறை, அதில் எனக்கு மனத்தாங்கல் இல்லை. ஆனால் நான் வளர்ந்த விதம் வேறு. எங்களில் பெண்களும் கல்லறை வரை போய் மண் போடுவோம். வருஷா வருஷம் கல்லறைத் திருநாளில் அம்மா கல்லறையைக் கழுவி, சுண்ணாம்படித்து, சாமந்தி வைத்து, மெழுகுவர்த்தி ஏற்றுவேன். காற்றில் அணைய அணைய ஏற்றிக்கொண்டு அம்மாவிடம் வீட்டுக் கதையெல்லாம் சொல்வேன். செத்துப்போனவர்களிடம் போய் உட்கார ஓர் இடம் இருக்கும் என்றுதான் எனக்குத் தெரியும். உனக்கு அப்படி ஓர் இடம் எனக்கில்லை. பூந்தமல்லி வழியாகப் போகும்போது பஸ்ஸிலிருந்து அந்தக் கபர்ஸ்தான் மதில் தெரியும், உள்ளேயிருந்து ஒரு வேப்பங்கிளை வெளியே எட்டிப் பார்க்கும். கிளையைப் பார்ப்பேன். சிக்னல் விழும். பஸ் போய்விடும்.

அதனால்தான் சனிக்கிழமை கர்ச்சீப் கையில் கிடைத்ததும் முடிவு செய்தேன். உன்னைப் பார்க்கப் போக எனக்கு ஓர் இடம் வேண்டும். அந்த இலுப்பை மரத்தடிப் பலகைதான் அது. உன் ஓரத்தில் கர்ச்சீப்பைப் போட்டு, யாரையும் உட்கார விடாமல், நான் என் ஓரத்தில் உட்கார்ந்திருப்பேன். ஞாயிறு தவறாமல் போவேன். இப்படி நினைத்துக்கொண்டுதான் நேற்று கிளம்பினேன்.

குத்தம்பாக்கத்தில் புதுப் பேருந்து நிலையம் வந்திருக்கிறது. ரோடே அடையாளம் மாறிவிட்டது. துரைக்காட்டு வாசல் மட்டும் அப்படியே இருந்தது. சங்கீதா என்னைப் பார்த்ததும் என் முதுகுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தாள்.

"கர்ச்சீப்பு அக்கா வர்லியா?"

சொன்னேன். அவள் ஒரே ஒரு டிக்கெட்டைக் கிழித்து என் கையில் வைத்தாள். பிறகு, "பெஞ்சு சும்மாதான் கீதுக்கா. போங்க" என்றாள்.

போய் உட்கார்ந்தேன். உன் ஓரத்தில் கர்ச்சீப்பை விரித்தேன். நான்கு மூலையையும் நீ செய்வதுபோல நீவிவிட்டேன். இந்த வருஷமும் இலுப்பை பூத்திருக்கிறது. அதே கிறங்கடிக்கிற வாசனை. கர்ச்சீப்பின்மேல் பூ விழுந்தது. சைக்கிளில் சில பேர் போனார்கள். கயிற்றுப் பாலத்துப் பக்கமிருந்து பிள்ளைகள் கூச்சல் கேட்டது. ஒரு ஜோடி வந்து கர்ச்சீப்பைப் பார்த்துவிட்டு அடுத்த பலகைக்குப் போனது. உன்னைப்போல முகத்தைத் திருப்பாமல் உட்கார்ந்திருந்தேன். மனசுக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. ஆனால் உன்னிடம் பேசலாம் என்று வாயெடுத்தால் பேச்சு வரவில்லை. எவ்வளவு நேரம் பார்த்தாலும் அது ஒரு துணிதான். உன் இடம் அவ்வளவு காலியாக இருந்தது.

அப்போதுதான் அந்த அம்மாள் வந்தாள். என் வயதுதான் இருக்கும். புது ஷூ போட்டிருந்தாள், அது காலைக் கடித்திருக்க வேண்டும், நொண்டிக்கொண்டு வந்தாள். முகமெல்லாம் வேர்வை.

"இங்க ஆள் வராங்களாம்மா?"

நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது உன் இரண்டு வார்த்தையும். சொல்ல முடியவில்லை. நீ வராத ஆளுக்காக வைத்திருந்த இடத்தை, கடைசியில் கால் கடுக்க நின்றவளுக்குத்தானே கொடுத்தாய்? கொடுக்காமல் இருந்திருந்தால் உன்னை நான் பார்த்தே இருக்க மாட்டேனே.

கர்ச்சீப்பை எடுத்தேன். பூவை உதறினேன்.

"வர்ற ஆளு நீங்கதான் போல. உக்காருங்க."

அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. "அப்பாடா" என்று உட்கார்ந்து ஷூவைக் கழற்றினாள். வீட்டுக்காரர்கள் கயிற்றுப் பாலத்தில் தொங்கப் போயிருக்கிறார்களாம், இவளுக்கு அதெல்லாம் ஆகாதாம். என் தண்ணீர் பாட்டிலை வாங்கிக் குடித்தாள். பிறகு எதிரே இருந்த அம்புக்குறியைக் காட்டினாள்.

"அந்தாண்ட இன்னா கீது?"

"தெரியாதுங்க" என்றேன். "போய்ப் பாத்துட்டு வந்து சொல்றேன்."

எழுந்தேன். எழுந்த பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே உறைத்தது.

"பைய வெச்சிட்டுப் போங்க. ஒங்க எடத்த நா பாத்துக்கிறேன்" என்றாள் அவள்.

திரும்பிப் பார்க்காமல் நடந்தேன். பார்த்திருந்தால் முன்பின் தெரியாத அந்த அம்மாளைக் கட்டிக்கொண்டு அழுதிருப்பேன்.

சரி, சேதிக்கு வருகிறேன். ஏரி நாம் நினைத்த அளவு தூரமில்லை. இத்தனை வருஷமும் பேச்சை நிறுத்திவிட்டு எழுந்திருந்தால் போய் வந்திருக்கலாம். மரங்கள் சட்டென்று விலகி, வெளிச்சம் கண்ணைக் கூசும். கரையில் வரிசையாக மருத மரங்கள். ஏரியும் பிரமாதமென்று சொல்ல முடியாது, உன்னிடம் பொய் எதற்கு? ஒரு பக்கம் ஆகாயத்தாமரை மூடிக் கிடக்கிறது. அக்கரையில் பச்சை வலை போர்த்திய அடுக்குமாடிக் கட்டடங்கள் எழும்பிக்கொண்டிருக்கின்றன. ஆனால் தண்ணி கீது. நடுவில் நீலமாக, காற்று வந்தால் சிலிர்த்துக்கொள்கிறது. பறவையும் கீது. கொக்கு நிற்கிறது. முக்குளிப்பான் முங்கி எங்கேயோ போய் எழுகிறது. நாமக்கோழி ஒன்று நெற்றியில் வெள்ளைத் தழும்போடு உன்னைப் போலவே யாரையோ திட்டிக்கொண்டு நீந்தியது. நீ இருந்திருந்தால் அதற்கு ஒரு ஃப்ரேம் சொல்லியிருப்பாய்.

உக்கார எடமும் கீது. தண்ணீரைப் பார்த்தபடி தண்டவாளக் கால் போட்ட ஒரு பலகை. இரண்டு பேர் உட்காரலாம். யாருமில்லை.

கர்ச்சீப் கையில் இருந்தது. கை தானாக மறு ஓரத்துக்குப் போனது. அப்புறம் நிறுத்திக்கொண்டேன். இடம் பிடிப்பது என் வேலை இல்லையே. ஒருநாளும் நான் பிடித்ததில்லை. நீதான் எனக்கு முன்னால் ஏறுகிறவள், பிடித்து வைக்கிறவள். இத்தனை மாதமாக உனக்கு ஓர் இடம் தேடி நான் அலைந்ததெல்லாம் தலைகீழ் வேலை. கர்ச்சீப்பை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டேன். பலகையில் நடுவாக, தாராளமாக உட்கார்ந்தேன். வெகுநேரம் உன்னிடம் பேசினேன். பேச்சு தடையில்லாமல் வந்தது.

கர்ச்சீப்பை நானே வைத்துக்கொள்கிறேன். துவைக்கப் போவதில்லை. இன்று காலை ரயிலில் இடம் கிடைத்தது, உட்கார்ந்துவிட்டேன். அங்கே உனக்கு விரிக்க வேறு ஏதாவது துணி அகப்பட்டிருக்கும். பெரியதாகப் பார்த்து எடுத்திருப்பாய். எனக்கு இன்னும் அம்பத்தூர் வரவில்லை. வந்ததும் ஏறிக்கொள்கிறேன். அதுவரை யாராவது வந்து அந்த இடத்தைக் கேட்டால் என்ன சொல்ல வேண்டும் என்று உனக்குத் தெரியும்.